நாலு மணி வரைக்கும் மலையில்

கென்ஜெகுல் இருபத்தேழு வருஷமாகச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவள். பிஷ்கெக் நகரத்துச் சந்தை ஒன்றில், கறிக்கடைகளுக்குப் பின்னால் இருக்கும் சோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. விடியற்காலையில் வெட்டி வருகிற ஆடு, மாடு, குதிரை எல்லாம் முதலில் அவள் மேஜைக்குத்தான் வரும். அவள் கத்தியால் கீறி, மோந்து பார்த்து, ஊதா முத்திரை குத்திய பிறகுதான் கடைக் கொக்கிக்குப் போகும். தானாகச் செத்த மாட்டை வெட்டிய மாடு என்று கொண்டுவருகிறவன் எப்படி நிற்பான், எங்கே பார்ப்பான், எத்தனை தடவை தொண்டையைச் செருமுவான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கறியைப் பார்ப்பதற்கு முன்னால் கறி கொண்டுவந்தவனைப் பார்ப்பாள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இந்தப் பழக்கத்தைச் சந்தையில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வரத் தெரியாததுதான் அவளுடைய கோளாறு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், புருஷனுக்கு இன்னொரு வீடு இருப்பதை அவனுடைய கோட்டை மோந்து பார்த்துக் கண்டுபிடித்தாள். கோட்டில் பொரித்த மீன் வாடை. அவள் தன் வீட்டில் மீன் சமைத்ததே கிடையாது. அவன் இரண்டு நாள் சத்தியம் செய்தான், மூன்றாம் நாள் மீன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து, தன் கண்ணும் மூக்கும் பொய் சொல்லாது என்கிற நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது. இறக்கிவைக்க ஆளில்லை.

மிஞ்சியது ஒரே மகன், குபாத். மூன்று வருஷமாகத் தென்கொரியாவில் முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றில் இருக்கிறான். ஷிப்ட் முடிந்ததும் அம்மாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவான். சாப்பிட்டேன், தூங்கப் போறேன், அவ்வளவுதான். அந்த ஆறு விநாடியைக் கேட்காமல் அவள் படுத்ததில்லை. செப்டம்பர் கடைசி ஞாயிறு அன்று, அது வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவள் பதிலுக்கு அனுப்பிய ஏழு செய்திகளுக்கும் பக்கத்தில் ஒற்றை டிக் மட்டும் நின்றது. அவனுடைய போனுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம்.

ஞாயிறு என்றால் மலை. ஆத்-பாஷி என்கிற மலை ஊரில் ஒரே வகுப்பில் படித்து, பிழைப்புக்காக நகரத்துக்கு வந்து, நாற்பத்து நாலு வயதில் முழங்காலுக்குப் பயந்து நடக்க ஆரம்பித்த நாலு பெண்கள் அவர்கள். தலைவி ராபியா. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சராக இருந்தவள். இன்னும் கழுத்தில் விசில் தொங்கும். இரண்டாவது அசிபா, திரைச்சீலை தைக்கிறவள். பேச்சு குறைவு. மூன்றாவது ஜூரா, குழந்தைகள் காப்பகத்தில் சமையல். உருவமும் பெரிசு, குரலும் பெரிசு. ஒன்பது வயதில் அம்மா செத்துப்போனதும், இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்த தம்பி எசென்பெக்தான் அவளுக்கு மகன், மருமகன் எல்லாம். அவன் ரஷ்யாவுக்கு லாரி ஓட்டுகிறான். அவன் வாங்கி வந்த பூட்ஸ், அவன் வாங்கி வந்த தெர்மாஸ் என்று ஜூராவின் மேலும் கீழும் எசென்பெக்தான்.

மினிபஸ்ஸில் கென்ஜெகுலும் ஜூராவும் எப்போதும் ஒன்றாக உட்காருவார்கள். அன்று கென்ஜெகுல் ஏழு செய்தி விஷயத்தை அவளிடம் மட்டும் சொன்னாள். போனுக்கு ஏதாவது ஆகியிருக்கும், இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாயா என்று ஜூரா சிரித்தாள். அந்தச் சிரிப்பு கென்ஜெகுலுக்குப் போதவில்லை.

மலையடிவாரத்தில் இறங்கினதும் ராபியாவுக்கு ஒரு போன் வந்தது. அவள் எல்லோர் முன்னாலும் கத்திப் பேசுகிறவள். அன்று தள்ளிப் போய், ஒரு காட்டு ஆப்பிள் மரத்துக்குப் பின்னால் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள். பேசினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, கேட்டாள். திரும்பி வந்தவள் பூட்ஸ் நாடா கட்டுகிற சாக்கில் அசிபாவுக்குப் பக்கத்தில் குனிந்தாள். இரண்டு தலையும் ஒரு நிமிஷம் சேர்ந்திருந்தன. நிமிர்ந்தபோது அசிபாவின் முகத்தில் ரத்தம் இல்லை. இருபது அடி தூரத்தில் நின்றபடி கென்ஜெகுல் இதையெல்லாம் பார்த்தாள்.

பிறகு ராபியா, இன்று ஒரு நாள் போன் இல்லாமல் நடக்கலாம், நாலு போனையும் தன் பையில் போடுங்கள் என்றாள். கண்ணுக்கு நல்லது, கழுத்துக்கு நல்லது என்று என்னென்னவோ சொன்னாள். கென்ஜெகுல் முடியாது என்றாள். வேறு நாளாக இருந்தால் ராபியா விசிலை ஊதியிருப்பாள். அன்று கெஞ்சினாள். ராபியா கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. அப்போது ஜூரா தன் போனைத் தூக்கிப் பைக்குள் போட்டுவிட்டு, கென்ஜெகுலின் கையைப் பிடித்து அழுத்தி, குடுத்துடு, ஒரு நாள்தானே என்றாள். அந்த அழுத்தல் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. சரி, இவளும் கூட்டு என்று கென்ஜெகுல் முடிவு கட்டினாள்.

சாரி-கிர் முகட்டுக்கு நேர்ப் பாதையில் போனால் இரண்டரை மணி நேரம். ராபியா சுற்றுப் பாதையில் திருப்பினாள். அரை மணிக்கு ஒரு தடவை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பத்து வருஷமாக யாரையும் உட்காரவிடாதவள். தண்ணீர் குடிக்கச் சொன்னாள், காட்சியைப் பார்க்கச் சொன்னாள். கீழே நகரம் புகைக்குள் கிடந்தது, மேலே பனிச் சிகரங்கள் வரிசையாக நின்றன, நடுவில் புல் முழுக்க மஞ்சள். அவள் காட்டிய இடத்தையெல்லாம் ஜூரா பார்த்தாள். கென்ஜெகுல் ராபியாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ராபியாவும் அதைத்தான் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூராவோ வாயை மூடவில்லை. பாட்டு, பாட்டு முடிந்தால் காப்பகத்துக் கதை, கதை முடிந்தால் மறுபடி பாட்டு. கென்ஜெகுலின் கையைக் கோத்துக்கொண்டே ஏறினாள். மேட்டில் மூச்சு வாங்கியபோதும் விடவில்லை. பின்னால் அசிபாவும் ராபியாவும் தங்கித் தங்கி வந்தார்கள். கென்ஜெகுல் திரும்பினால் அவர்கள் பேச்சு நின்றது. அசிபா ஒரு தடவை ஓடி வந்து, உங்க பையைக் குடுங்க, நான் தூக்கறேன் என்றாள். கென்ஜெகுல், ஜூரா இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுதான் கேட்டாள். ஆனால் தன்னை வைத்துத்தான் கேட்கிறாள் என்று கென்ஜெகுலுக்குத் தோன்றியது. சந்தேகம் வந்துவிட்டால் எல்லாக் கையும் நம்மை நோக்கித்தான் நீளும்.

முதலில் சின்னச் சந்தேகங்கள் வந்தன. நாலு பேரில் தன்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார்களோ? ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஏதாவது ஏற்பாடோ? அதற்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அப்புறம், தேவதாரு வாடை வரத் தொடங்கிய திருப்பத்தில், அவளுக்குச் சலீமா நினைவுக்கு வந்தாள். கால் அப்படியே நின்றுவிட்டது.

சலீமா சோதனைக் கூடத்தில் அவளுடன் வேலை பார்த்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் சலீமாவின் அண்ணன் கென்ஜெகுலுக்குப் போன் செய்து, அப்பா போய்விட்டார், பெரியவர்கள் தலாஸிலிருந்து வருகிறார்கள், ஐந்து மணி வரைக்கும் அவளுக்குத் தெரியவிடாதே என்றான். சாவுச் செய்தியைக் கண்டவர் வாயால் கண்ட இடத்தில் சொல்லிவிட முடியாது. அதற்கென்று வயசாளிகள் வர வேண்டும், வீட்டில் வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, சுற்றி வளைத்து, பக்குவமாகச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் மாதிரி நடந்துகொள்ள வேண்டும். கென்ஜெகுல் அன்று சலீமாவின் போனை அலமாரியில் ஒளித்துவைத்தாள். இல்லாத ஆய்வுக்காக எழுபது கண்ணாடி ஜாடிகளைக் கழுவ வைத்தாள். இதற்கப்புறம் மூன்று நாளைக்குச் சாப்பாடு இறங்காதே என்று மதியம் கட்டாயப்படுத்தி ஊட்டினாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த வேலையை அப்பழுக்கில்லாமல் செய்தோம் என்று அவளுக்கு ரகசியமாக ஒரு பெருமைகூட இருந்தது.

போன், சுற்றுப் பாதை, கடிகாரம். எல்லாம் அதே வேலை. இன்று ஜாடி கழுவுகிறவள் தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அவளுக்குச் சொந்தமென்று இருப்பது இரண்டே பேர். ஆத்-பாஷியில் எண்பத்து நாலு வயது அப்பா. கொரியாவில் குபாத்.

நேராகக் கேட்டுவிட வேண்டியதுதானே என்றால், கேட்க முடியாது. கேட்டால் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். உயிரோடு இருக்கலாம் என்று நம்புகிற பிள்ளையின் பெயரைச் சாவோடு சேர்த்து உச்சரிக்க எந்தத் தாய்க்கும் நாக்கு புரளாது. அதனால் அவள் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். கீறிப் பார்த்தாள்.

முதல் கீறல் அப்பா. அடுத்த நிறுத்தத்தில், அப்பா புதுப் பல்செட் கட்டிக்கொண்டு இறைச்சி தின்ன மறுக்கிறார், பல் தேய்ந்துவிடுமாம் என்று சொல்லி மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். ராபியா நிஜமாகவே சிரித்தாள். அசிபாவும் புன்னகைத்து, கிழவர் நூறு இருப்பார் என்றாள். அதில் கள்ளம் இல்லை. அப்பா இல்லை. அப்பாவாக இருந்திருக்கக்கூடாதா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் நினைத்தாள்.

இரண்டாவது கீறலை முகட்டுக்குப் போகிறவரைக்கும் தள்ளிப்போட்டாள். அங்கே போய் விரிப்பை விரித்ததும், எங்கோ பார்த்துக்கொண்டு, குபாத் வசந்தத்தில் வருகிறான், வருவதற்குள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றாள். அவள் வாயை மூடுவதற்குள் ஜூரா புகுந்து, எசென்பெக்கும் அப்போதுதான் வருகிறான், அவன் லாரியிலேயே பெயிண்டைக் கொண்டுவரச் சொல்கிறேன், அவனே அடித்தும் தருவான், சோறு போட்டால் போதும் என்றாள். அசிபா கையிலிருந்த கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து, தேவதாரு மரங்களுக்கு அந்தப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. காற்று என்றாள். முகட்டில் அன்று இலைகூட அசையவில்லை.

கென்ஜெகுல் தன் கிண்ணத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். பொரித்த மாவுத் துண்டுகள், உலர்ந்த தயிர் உருண்டைகள், தக்காளி, அசிபா கொண்டுவந்திருந்த குதிரைக்கறித் தொத்திறைச்சி எல்லாம் நடுவில் இருந்தன. அசிபா தடித் தடியாக நறுக்கி, நல்ல கொழுப்புள்ள துண்டுகளையெல்லாம் ஜூராவும் கென்ஜெகுலும் உட்கார்ந்திருந்த பக்கமாகத் தள்ளினாள். சாப்பிடுங்கடி, வயிறு நிறையச் சாப்பிடுங்க என்றாள். சலீமாவிடம் கென்ஜெகுல் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். ஜூரா தன் பங்கில் பாதியைக் கென்ஜெகுலின் ரொட்டியில் வைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் ராபியா வழக்கம்போல் கையேந்தி வாழ்த்துச் சொன்னாள். மழை வரட்டும், மந்தை பெருகட்டும், முழங்கால் தாங்கட்டும் என்று நீட்டிக்கொண்டே போவாள். கடைசியில், தூரத்தில் இருக்கிறவர்கள் சுகமாக வீடு திரும்பட்டும் என்பாள். குபாத் போன நாளிலிருந்து கென்ஜெகுல் அந்த ஒரு வரிக்காகத்தான் கையேந்துகிறாள். அன்று ராபியா முழங்காலோடு நிறுத்திவிட்டு, வாழ்த்து முடிந்ததாக அவசரமாக முகத்தைத் தடவிக்கொண்டாள்.

கென்ஜெகுல் ஏந்திய கையை இறக்கவில்லை. மிச்சத்தைச் சொல்லு என்றாள். ராபியா, எல்லாம் சொல்லியாச்சு என்று பாத்திரங்களை எடுக்க ஆரம்பித்தாள். அப்புறம் தானாகவே, இன்னும் ரெண்டு மணிகூட ஆகல, கொஞ்சம் படுத்து எழுந்திருப்போம் என்றாள்.

அதற்கு மேல் கென்ஜெகுலால் முடியவில்லை. எழுந்து போய் ராபியாவின் பையைப் பிடித்து இழுத்தாள். ராபியா வாரை விடவில்லை. இரண்டு பேரும் ஐம்பத்து நாலு வயதை மறந்து பையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். விசில் ராபியாவின் காதுக்குப் போய்விட்டது. தூரத்திலிருந்து குதிரை மேய்ப்பவன் யாராவது பார்த்திருந்தால், தொத்திறைச்சிக்குச் சண்டை என்றுதான் நினைத்திருப்பான்.

"யார் செத்தது?" என்றாள் கென்ஜெகுல். குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. "எனக்குத் தெரியும்டி. இந்த வேலையெல்லாம் நான் பண்ணினவ. வீட்டுல ஆள் கூடற வரைக்கும் என்னை இங்க கட்டி வச்சிருக்கீங்க. சொல்லிடு. என் குபாத்தா?"

ராபியா பையை விட்டுவிட்டாள்.

"ஐயோ, உன் பையன் இல்லடி. உன் பையனுக்கு ஒண்ணுமே இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று ராபியாவுக்கு உறைத்தது. உன் பையன் இல்லை என்றால் வேறு யாரோ. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். வாயைப் பொத்தலாம், கண்ணைப் பொத்த முடியாதே. அவள் கண் கென்ஜெகுலைத் தாண்டிப் பின்னால் போனது. அசிபாவின் கண்ணும் அங்கேதான் போனது. முகம் பார்த்தே பிழைத்தவள் கென்ஜெகுல், அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

பின்னால் ஜூரா நின்றிருந்தாள். கென்ஜெகுல் விழுந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். விரித்த கை அப்படியே இருந்தது. முகம்தான் மாறியது.

அந்த ஒரு கணத்தில் கென்ஜெகுலுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எப்படியும் மழுப்ப முடியாது. குபாத் இல்லை, என் பிள்ளை இல்லை என்று உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் ஏதோ பாய்ந்தது. வாய்கூடக் கொஞ்சம் விரிந்துவிட்டது. எதிரில் நின்ற ஜூரா அதைப் பார்த்தாள்.

ஜூரா விரிப்பில் உட்கார்ந்தாள். கத்தவில்லை, யார் என்று கேட்கவும் இல்லை. மூன்று பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ராபியா அழுதுகொண்டே, தான் ஒன்றும் சொல்லவில்லை, தன் வாயால் எதுவும் வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஊரிலிருந்து பெரியவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்றும், நாலு மணிக்கு முன்னால் ஜூராவை மலையிலிருந்து இறக்க வேண்டாம் என்றும் தன்னிடம் ஒப்படைத்தார்கள் என்றாள். தன்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கென்ஜெகுல் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

"உன்ன அவகிட்டேருந்து பிரிக்க முடிஞ்சாத்தானே சொல்றது? காலையிலேருந்து கையக் கோத்துக்கிட்டே வர்றீங்க," என்றாள் ராபியா. "சொன்னாலும் நீ அவளச் சும்மாவா பாப்ப? கறியப் பாக்கற மாதிரி பாப்ப. ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பா."

கென்ஜெகுலின் இருபத்தேழு வருஷத்து மூக்கும் கண்ணும் நாள் முழுக்க உழைத்து, ஒரு சிநேகிதியின் தலையில் பாறையை உருட்டிவிட்டன. கண்டுபிடித்த அடையாளம் ஒவ்வொன்றும் சரி. ஆள்தான் தப்பு.

இறங்க ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை நேர்ப் பாதையில். ராபியா போன்களைத் திருப்பிக் கொடுத்தாள். கென்ஜெகுலுடைய போனில் புது எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி இருந்தது. கேட்க வேண்டியதில்லை, சின்னப் படத்தில் குபாத்தின் முகம் தெரிந்தது. கீழே எழுத்திலும் அனுப்பியிருந்தான். போன் முலாம் தொட்டியில் விழுந்துவிட்டது, வேறு வாங்கினேன், அம்மா திட்டாதே. அவள் போனைப் பைக்கு அடியில், அழுக்குத் துணிக்குக் கீழே, திருடின பொருளைப் போல ஒளித்துவைத்தாள். ஜூரா தன்னுடைய போனைத் திறக்கவே இல்லை.

ஓடை வந்த இடத்தில் ராபியாவும் அசிபாவும் முன்னால் தாண்டிப் போனார்கள். ஜூரா கல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, உள்ளே போயிருந்த கல்லைத் தட்டினாள். கென்ஜெகுல் பக்கத்தில் நின்றாள். எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை.

"உனக்குச் சந்தோஷமா இருந்துச்சுல்ல?" என்றாள் ஜூரா. பூட்ஸைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

பொய் சொல்ல நிறைய வழி இருந்தது.

"இருந்துச்சு," என்றாள் கென்ஜெகுல்.

"எனக்குக் காலையிலேருந்து அப்படித்தான் இருந்துச்சு," என்றாள் ஜூரா. "ராபியா போனக் கேட்டப்பவே புரிஞ்சு போச்சு. நீ வேற ஏழு செய்தி போய்ச் சேரலன்னு சொன்னியா, சரி, குபாத்துதான்னு நெனச்சுட்டேன். பாவி, இன்னைக்குச் சாயங்காலம் எப்படித் தாங்கப் போறாளோன்னுதான் உன் கையப் புடிச்சுக்கிட்டே வந்தேன். அத்தன பாட்டும் உனக்காகத்தான். ஆனா அடியில ஒரு நிம்மதி. நம்ம வீடு இல்ல, நம்ம வீடு இல்லன்னு. ஒவ்வொரு மேட்டுலயும் அதச் சொல்லிக்கிட்டேதான் ஏறினேன்."

கென்ஜெகுல் அவள் காலடியில் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவைக் கட்டிவிட்டாள்.

ஜூராவின் வீடு நகரத்து ஓரத்தில், புதிதாக முளைத்த தெருக்களில் ஒன்றில் இருந்தது. மினிபஸ்ஸிலிருந்து இறங்கினபோது நாலு மணி ஆகப் பத்து நிமிஷம். பக்கத்துத் தெருவில் ஆத்-பாஷி இருக்கிற நாரின் மாகாணத்து நம்பர் போட்ட கார்கள் நாலைந்து, கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. நன்றாகக் கண்ணில் பட்டன. ராபியா தெரு முனையிலேயே நின்றுவிட்டாள். ஒப்படைத்ததைக் காப்பாற்றத் தெரியாதவள் என்று ஆத்-பாஷி முழுக்கச் சொல்வார்கள், எந்த முகத்தோடு பெரியவர்கள் முன்னால் நிற்பேன் என்று புலம்பினாள். நான்தான் உடைத்தேன், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள் கென்ஜெகுல். சொல்வதாகத்தான் இருந்தாள். அந்தத் தெரு முனையில் அவளுக்கு வேறு எதுவும் சுலபமாக இல்லை.

ஜூரா தெருக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலைத்துணியை அவிழ்த்து உதறி, சீராகக் கட்டிக்கொண்டாள்.

"யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றாள். "ஆறு மணி நேரம் மலப்பாதையில வந்திருக்காங்க. வழியெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்திருப்பாங்க. அவங்க சொல்லட்டும். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களும் மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு வாங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு அவள்தான் முதலில் போனாள். முற்றத்தில் வயசாளிகள் ஒன்பது பேர், வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். ஒரு வீட்டுப் பெண் உள்ளே வருகிறதற்கு ஒன்பது கிழவர்கள் எழுந்து நிற்கிறார்கள் என்றால், சின்னக் குழந்தைக்குக்கூட விஷயம் விளங்கிவிடும். ஜூரா விளங்காதவள் மாதிரி நின்றாள்.

"அட, பெரியப்பா. என்ன இது, எல்லாரும் ஒண்ணா வந்திருக்கீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாவு பெசஞ்சு வச்சிட்டுப் போயிருப்பேனே," என்றாள்.

பெரியப்பாவுக்கு எண்பது வயது. அவள் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தார். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் அவளை ஒட்டி உட்கார்ந்தார்கள். கென்ஜெகுல், ராபியா, அசிபா மூன்று பேரும் பையைக்கூட இறக்காமல் கதவோரம் நின்றார்கள். பெரியப்பா நிதானமாகத் தொடங்கினார். இந்த வருஷத்துக் குளிரைப் பற்றி, மேய்ச்சல் பற்றி, அவர் அப்பா காலத்தில் ஒரு கணவாயில் நடந்ததைப் பற்றி. பிறகு மெதுவாக, எவ்வளவு நல்ல குதிரையானாலும் ஏதோ ஒரு வழியில் நின்றுபோகிறது, மகளே என்றார்.

கென்ஜெகுல் ஜூராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கம், விட முடியவில்லை. நடிப்பு எங்கே இருக்கிறது என்று தேடினாள். கிடைக்கவில்லை. ஜூரா கிழவரின் உதட்டையே பார்த்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, ஒரு சொல்கூடத் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தெரிந்த விஷயத்தைக் கேட்கிறவள் அப்படிக் கேட்கமாட்டாள். முதலில் கென்ஜெகுலுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. மலையில் யாரும் எசென்பெக் என்று சொல்லவில்லை. ராபியா சொல்லவில்லை, அசிபா சொல்லவில்லை, ஜூராவும் கேட்கவில்லை. கேட்காமல், போனைத் திறக்காமல், இரண்டு மணி நேரம் அந்த இடுக்கைக் காப்பாற்றிக்கொண்டு இறங்கி வந்திருக்கிறாள். வேறு யாராவதாக இருக்கலாம். தூரத்து மாமாவாக இருக்கலாம். கிழவர் வேறு ஒரு பெயரைச் சொல்லிவிடலாம்.

சொல்லிவிட மாட்டாரா என்று கென்ஜெகுலும் கிழவரின் உதட்டைப் பார்த்தாள்.

கிழவர் எசென்பெக்கின் பெயரைச் சொன்னார். அதுவரைக்கும் அழாத ஜூரா அப்போதுதான் அழுதாள்.